கை நனைக்காத மாமன்

வேன் புதுச்சத்திரம் தாண்டியதும் தேவநாதன் காலடியில் இருந்த பையை மறுபடியும் தொட்டுப் பார்த்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த தங்கை சந்திரலேகா அதைக் கவனித்துவிட்டாள்.

"அண்ணா, பையில என்னா?"

"சோறுதான். கொஞ்சம் கீரை."

"மாப்ள வீடு பாக்கப் போறோம். சோத்த கட்டிக்கினா வருவாங்க?"

"சும்மா, ஒரு முன்ஜாக்கிரதைக்கு."

"அதெல்லாம் இன்னைக்கி வேணாம்ணா. நீ கை நனைச்சாதான் எல்லாம். கயலு அப்பா இருந்தா உன்ன நான் கெஞ்சிக்கினு இருப்பனா?"

"நனைக்கறேன், நனைக்கறேன்" என்றார் தேவநாதன், ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி.

மாப்பிள்ளை வீட்டைப் பார்க்கப் போகும் பெண் வீட்டார், மனதுக்குப் பிடித்தால் அங்கே சாப்பிடுவார்கள். பிடிக்காவிட்டால் தண்ணீரோடு எழுந்துவிடுவார்கள். வாய்விட்டு யாரும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. தகப்பன் இல்லாத பெண்ணுக்குத் தாய்மாமன் கைதான் கணக்கு. சந்திரலேகாவின் மகள் கயல்விழிக்கு மாமன் தேவநாதன் ஒருவர்தான்.

தேவநாதன் சிதம்பரத்தில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்தார். சாப்பாட்டைப் பற்றி ஒரு காலத்தில் அவர் யோசித்ததே இல்லை. மனைவி ஸ்ரீமதிக்கு மார்பில் கட்டி வந்து, அறுவை சிகிச்சை முடிந்து, அவள் தேறி வந்த பிறகுதான் இது ஆரம்பித்தது. "ஏன் வந்துச்சு டாக்டர்?" என்று கேட்டதற்கு, இன்னதால் என்று சொல்ல முடியாது என்றார் மருத்துவர். அந்தப் பதிலோடு அவரால் இருக்க முடியவில்லை. போனில் தேடினார். மரபணு மாற்றிய விதை, அதில் விளைந்த சோயா, கப்பலில் வரும் அதன் எண்ணெய் என்று படித்துக்கொண்டே போனார். அதற்கும் நோய்க்கும் தொடர்பு இருப்பதாகச் சான்று எதுவும் இல்லை என்று மருத்துவர் சொன்னதும் மனதில் நிற்கவில்லை. வீட்டில் செக்கு நல்லெண்ணெய் மட்டும்தான் என்றானது. பிறகு ஓட்டல் நின்றது, கல்யாணச் சாப்பாடு நின்றது. ஒரு காரணத்தைப் பிடித்துக்கொண்டதில் அவருக்குக் கொஞ்சம் ஆறுதல் இருந்தது. தூக்கம் மட்டும் திரும்பவில்லை.

மஞ்சக்குப்பத்தில் மாப்பிள்ளை வீடு. தகப்பனார் கலியமூர்த்தி ஹார்டுவேர் கடைக்காரர். பூர்வீகம் அண்ணாகிராமம் பக்கம். மாப்பிள்ளை அறிவுமதி வாசலுக்கே வந்து கூட்டிக்கொண்டு போனான். தோட்டத்து முந்திரி போட்ட பாயசம், வடை, சாம்பார் என்று வீடே மணத்தது.

"வாங்க சார், கைய கழுவிட்டு உக்காருங்க. எல தயாரா இருக்கு" என்றார் கலியமூர்த்தி.

தேவநாதன் பின்கட்டுக் குழாயில் கை கழுவினார். சமையலறை வாசலில் குப்பைக்கூடை. அதில் காலியான எண்ணெய் பாக்கெட். திரும்பிவிடலாம் என்று நினைத்தவர், குனிந்து படித்தார். சோயா. ஈரக்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தார்.

"எனக்கு வயிறு சரியில்லிங்க. நீங்கல்லாம் சாப்புடுங்க."

சந்திரலேகா இலைக்கு முன்னால் அப்படியே உட்கார்ந்திருந்தாள். "ஒரு வாய் பாயசமாவது..." என்றார் கலியமூர்த்தி. தேவநாதன் தலையை ஆட்டி, காற்று வேண்டும் என்று சொல்லி வெளியே போனார்.

வேனில் ஏறி உட்கார்ந்ததும் பசி வந்தது. டிபன் பாக்ஸைத் திறந்து அவசரமாகச் சாப்பிட்டார். பாதியில் ஜன்னல் பக்கம் நிழல் தட்டியது. மாப்பிள்ளையின் தாயார் மாரியம்மாள் கையில் ஒரு பொட்டலத்தோடு நின்றிருந்தாள். அவருடைய வாயில் சோறு இருந்தது.

"பொண்ணுக்கு வடை. சூடா இருக்கு" என்று பொட்டலத்தை இருக்கையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அன்று சாயங்காலமே கலியமூர்த்தி போன் செய்தார். தாய்மாமனுக்கு மனசில்லை போல, பரவாயில்லை, வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மரியாதையாகச் சொல்லி வைத்துவிட்டார்.

விஷயம் தெரிந்து தேவநாதன் தங்கை வீட்டுக்கு ஓடினார். கூடையில் பார்த்த எண்ணெய் பாக்கெட்டைப் பற்றிச் சொன்னார். சந்திரலேகா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "பசிய அடக்க முடியலன்னா கூட சரி. அவுங்க வீட்டு வாசல்லயே ஒக்காந்து ஒன் சோத்த துன்னியே, அத எந்த ஊருலண்ணா செய்வாங்க?"

கயல்விழி அழவில்லை. அந்த வடையைத்தான் தின்றுகொண்டிருந்தாள்.

"மாமா, ஒன்னு கேக்கறேன், கோச்சிக்காதீங்க. எண்ணெ நல்லதா கெட்டதான்னு எனக்குத் தெரியாது. ஆனா அவுங்க வீட்டு எண்ணெ வெஷம்னா, என்ன அங்க குடுக்க எப்பிடி ஒத்துக்கினீங்க? வெஷம் இல்லன்னா நீங்க ஏன் சாப்புடல?"

அந்த வீட்டில்தான் இவள் காலமெல்லாம் சாப்பிடப் போகிறாள். வேனில் வந்த வழியெல்லாம் தேவநாதன் இதை ஒருமுறைகூட நினைத்துப் பார்க்கவில்லை. தன் பையைத்தான் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

விடிந்ததும் கடலூர் பஸ் ஏறினார். சிதம்பரம் கோயில் கோபுரம் கண்ணில் பட்டபோது கையெடுத்துக் கும்பிட்டார். என்ன வேண்டிக்கொள்வது என்று தெரியவில்லை. இவ்வளவு காலமாக "எங்களுக்கு ஒன்றும் வரக்கூடாது" என்று மட்டுமே கேட்டது நினைவு வந்து, கையை இறக்கிக்கொண்டார்.

கலியமூர்த்தி காலைப் பலகாரத்தில் இருந்தார். தட்டில் இட்லியும், சாம்பாரில் ஊறிய நேற்றைய வடையும்.

"சொல்லுங்க சார்" என்றார். வாங்க என்று சொல்லவில்லை.

தேவநாதன் நின்றபடியே சொன்னார். மனைவிக்கு வந்த நோய், காரணம் தெரியாத பயம், போனில் படித்தது, கூடையில் பார்த்த பாக்கெட். மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். "வயிறு சரியில்லன்னு சொன்னது பொய்ங்க. பொண்ண தண்டிச்சிடாதீங்க. தப்பு என்னோடது."

கலியமூர்த்தி கையில் இருந்த இட்லியைத் தட்டில் போட்டார். "எண்ணெய்க்கா? யோவ், எங்க மேல என்னா பழிய கேள்விப்பட்டாங்களோ, பையன் மேல எவன் என்னா சொன்னானோன்னு நான் ராத்திரி முழுக்க மண்டைய ஒடைச்சிக்கினு இருந்தேன். எண்ணெயாம்!" கோபமா சிரிப்பா என்று அவருக்கே பிடிபடவில்லை. "மாரி, கேட்டியா இந்தக் கூத்த?"

மாரியம்மாள் சிரிக்கவில்லை. கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

"வீட்டுக்காரம்மா இப்ப எப்பிடி இருக்காங்க?"

தேவநாதன் அவள் பக்கம் திரும்பினார். "நல்லா இருக்கா. நான்தான்..." என்று நிறுத்திக்கொண்டார்.

"உக்காருங்க" என்று பாயை விரித்தாள். உள்ளே போனவள் சிறிது நேரம் கழித்து ஒரு தட்டோடு வந்தாள். "இட்லிதான். துணி போட்டு வேவ வெச்சது, எண்ணெ தொடல. தொட்டுக்க தயிரு. பயமில்லாம சாப்புடுங்க."

ஆவி பறந்த இட்லியை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். அவருடைய பயம் சரியா தவறா என்று அவள் கேட்கவே இல்லை. அதைச் சுமப்பவர் பசியோடு இருக்கிறார் என்பது மட்டும் அவளுக்குத் தெரிந்திருந்தது. தெய்வம் நேரில் வந்தாலும் இதைத்தான் செய்யும் என்று தோன்றியது அவருக்கு.

"அம்மா, அவர் தட்டுல இருக்கற மாதிரி எனக்கும் ஒரு வடை வையிங்க."

"அதுல அந்த எண்ணெதானே..."

"தெரியும்மா. எங்க பொண்ணு நேத்தே தின்னுட்டா."

மாரியம்மாள் புருஷனைப் பார்த்தாள். அவர் தலையசைத்தார். வடை வந்தது. ஊறிப்போய் விரல் பட்டதும் உடைந்தது. முதல் வாய் இறங்கும்போது நெஞ்சில் அதே பழைய படபடப்பு. தேவநாதன் எழுந்திருக்கவில்லை. அடுத்த வாயைப் பிட்டார்.

"அடுத்த தடவ வீட்டுக்காரம்மாவையும் இட்டுக்கினு வாங்க" என்றாள் மாரியம்மாள். "ஒங்க எண்ணெயவே கொண்டாங்க. அதுலயே சுட்டுத் தரேன். எனக்கு எல்லாம் ஒரே அடுப்புதான்."

"ஜாஸ்தியா கொண்டா தம்பி, எனக்கும் சேத்து" என்றார் கலியமூர்த்தி. சார் எப்போது தம்பியானது என்று யாரும் கவனிக்கவில்லை. அவர் அதற்குள் இடது கையால் போனைத் தட்டிக்கொண்டிருந்தார். "தங்கச்சி, நான் கலியமூர்த்தி பேசறேன். ஒங்க அண்ணன் இங்கதான் இருக்காரு. இரு, தரேன்."

போன் நீண்டது. தேவநாதன் சாம்பாரும் தயிருமாக இருந்த வலது கையைத் தூக்கிக் காட்டினார்.

கலியமூர்த்தி போனைத் தன் காதுக்கே கொண்டுபோனார். "அவரால போன புடிக்க முடியலம்மா" என்றார் உரக்க. "கை நனைஞ்சிருக்கு."