கிழிக்காத பரிசல்

விடியற்காலை ஷிஃப்டுக்குச் சைக்கிளை மிதித்துக்கொண்டு கிளம்பிய திம்மராயனை ஆற்றுத்துறையில், அங்கே பரிசல் போடக் காத்திருந்த ஆஞ்சப்பன் மறித்தான். கரையில் கவிழ்ந்து கிடந்த பழைய பரிசலைக் காட்டி, இதை எப்போதுதான் கிழிக்கப்போகிறாய் என்று கேட்டான். அவன் கேட்பதும், திம்மராயன் ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு "பாக்கலாம்ப்பா" என்று நழுவுவதும் அந்த வருஷம் முழுக்க நடந்த கூத்துதான்.

கெலவரப்பள்ளி அணைக்கு மேலே, தென்பெண்ணைக் கரையில் இருந்தது அவர்கள் ஊர். அந்தத் துறையில் ஒரு வழக்கம் உண்டு. பரிசல் இனி உதவாது என்று ஆனதும், அதன் சொந்தக்காரனே கொடுவாளை எடுத்து அடியைக் குறுக்கே கிழித்துவிட வேண்டும். கிழித்த பரிசலில் யாரும் ஏற மாட்டார்கள். கிழிக்காத பரிசல் என்றால் அது ஓடும் பரிசல். ஆத்திர அவசரத்துக்கு யார் வேண்டுமானாலும் எடுத்துப் போகலாம். அப்படி ஒரு பரிசல் கரையில் இருக்கும்வரை துறையும் அதன் சொந்தக்காரனுக்குத்தான். வேறொருவன் அங்கே பரிசல் இறக்கக் கூடாது. எழுதி வைத்த சட்டம் இல்லை, ஆனாலும் ஊரில் யாரும் மீறியதில்லை.

திம்மராயன் அப்பன் காலத்திலிருந்து அந்தத் துறையில் பரிசல் போட்டவன். ஓசூரில் கம்பெனிகள் வரிசையாக முளைத்தபோது, பக்கத்துத் தெரு ரசூல்தான் சூப்பர்வைசரிடம் நச்சரித்து இவனையும் உள்ளே சேர்த்துவிட்டான். அடுத்தடுத்த மெஷினில் இருவருக்கும் வேலை. முதலில் டெம்பரரிதான். பர்மனெண்ட் ஆகும்வரை பரிசல் இருக்கட்டும் என்று திம்மராயன் நினைத்ததில் தப்பொன்றும் இல்லை. வயிற்றுப்பாட்டுக்குப் பயப்படாதவன் யார்? பர்மனெண்டும் ஆனான், அவன் மனைவி மங்கம்மா தெருவெல்லாம் மைசூர்பாகு கொடுத்தாள். அப்போதாவது கிழித்திருக்க வேண்டாமா? நாளைக்கே கம்பெனியைப் பூட்டிவிட்டால் என்ன செய்வது என்று புதிதாக ஒரு கவலையைத் தேடிப் பிடித்துக்கொண்டான். அவனுக்குச் சைக்கிள் இருந்தது. அவன் பரிசல் ஓட்டுவதை நிறுத்திவிட்டதால், சைக்கிள் இல்லாத பெண்கள்தான் சானமாவுக் காட்டோரமாகச் சுற்றிக்கொண்டு அக்கரைக்கு நடந்தார்கள்.

ஆஞ்சப்பன் பொறுத்துப் பார்த்துவிட்டு ஊர்ப் பெரியவர்களிடம் முறையிட்டான். பரிசல் ஓடும் நிலையில் இருக்கிறதா என்று வந்து பார்க்கிறோம் என்றார்கள் அவர்கள். திம்மராயனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அடி மூங்கிலைக் கரையான் தின்று வெகுநாள் ஆகியிருந்தது. மறுநாளே தார் வாங்கி வந்து, உரச்சாக்கைக் கத்தரித்து ஓட்டைகளின் மேல் ஒட்டி, மேலே தாரைக் காய்ச்சித் தடவினான். பெரியவர்கள் வந்தார்கள், பளபளவென்று இருந்ததைப் பார்த்தார்கள், திரும்பிப் போனார்கள்.

மங்கம்மாவுக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை.

"இது ஓடாதுன்னு உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். ஊர்ல மத்தவங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"யாரு ஏறப்போறாங்க? எல்லாருந்தான் சுத்திக்கிட்டுப் போறாங்களே" என்று அவள் வாயை அடைத்தான்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஆறு செம்மண் நிறத்தில் ஓடியது. ராகி முற்றும் நாளில் சானமாவுப் பக்கம் யானைகள் வருவது புதிதில்லை. அன்று காலை அவை பாதையை விட்டு நகராமல் நின்றன. அக்கரை ரோஜாத் தோட்டத்துக்குப் பூப்பறிக்கப் போன காத்தூனும் சரோஜம்மாளும் பாதி வழியில் திரும்பினார்கள். காத்தூன் ரசூலின் மனைவி. கல்யாண சீசன், ஒரு நாள் போகாவிட்டால் தோட்டக்காரர் வேறு ஆளை வைத்துவிடுவார். துறைக்கு வந்தவர்கள் பரிசலைப் பார்த்து நின்றார்கள். சரோஜம்மாள் தயங்கினாள். காத்தூன் குனிந்து அடிப்பக்கம் முழுக்கக் கையால் தடவிப் பார்த்தாள். கிழிசல் எங்கும் இல்லை. தண்ணீரில் தள்ளி இருவரும் ஏறினார்கள்.

கம்பெனியில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தபோது வாட்ச்மேன் வந்து ரசூலைத் தேடினார். ஆற்றில் பரிசல் உடைந்துவிட்டது, உன் வீட்டுக்காரியைக் காணோமாம், உடனே கிளம்பு என்றார். திம்மராயன்தான் அவனைத் தன் சைக்கிளின் பின்னால் உட்காரவைத்து மழையில் மிதித்தான். பாதித் தூரம் போனதும் ரசூல் மெல்லக் கேட்டான்.

"நம்ம துறையிலதான் பரிசலே ஓடலியேண்ணா. எதுல ஏறியிருப்பா?"

பதில் திம்மராயனுக்குத் தெரியும். அந்தச் சைக்கிளை எப்படி ஊர்வரை ஓட்டினான் என்பதுதான் பிறகு அவனுக்கு ஞாபகமே இல்லை.

சரோஜம்மாள் ஒரு வேலமரக் கிளையைப் பிடித்துத் தப்பியிருந்தாள். காத்தூனைச் சாயங்காலம் கோரைப்புல்லுக்கு நடுவிலிருந்து எடுத்தார்கள். பாவம், இடுப்பில் பூக்கூடைக் கயிறு அப்படியே சுற்றியிருந்தது.

மறுநாள் அடக்கம் முடிந்தது. ஆறு செய்த வேலை, யாரைக் குறை சொல்ல என்று பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள். புதுத் தாரைப் பார்த்துவிட்டுப் போனவர்கள் அல்லவா? திம்மராயன் வாயை மூடிக்கொண்டிருந்தால் அதோடு போயிருக்கும். ஆனால் சரோஜம்மாள் அழுதுகொண்டே சொன்ன ஒரு வார்த்தை அவனை உட்காரவிடவில்லை.

"நான் வேணாம்னுதான் சொன்னேன். 'திம்மண்ணன் கிழிக்கலியே அக்கா, அப்புறம் என்னா பயம்?'னு கேட்டா."

கரை ஒதுங்கிய பரிசலைத் துறைக்கு இழுத்து வந்து போட்டிருந்தார்கள். திம்மராயன் வீட்டுக்குப் போய்க் கொடுவாளோடு வந்தான். ஊரார் முன்னால், அதன் அடியில் மிச்சமிருந்ததை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை கிழித்தான். தாருக்குள்ளிருந்து கரையான் மண் பொலபொலவென்று கொட்டியது. எல்லாம் தெரிந்தேதான் தார் பூசினேன், துறை கைவிட்டுப் போகக் கூடாதென்று பூசினேன் என்று ஒன்றுவிடாமல் சொன்னான். ஆஞ்சப்பன் தலையைக் குனிந்துகொண்டான். மங்கம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

ரசூல் அடிப்பான் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவன் அடிக்கவில்லை. கிட்டே வந்து அந்த மண்ணை ஒரு பிடி அள்ளிப் பார்த்தான்.

"இதை நேத்து செஞ்சிருக்கலாமேண்ணா" என்றான். அவ்வளவுதான்.

அதன் பிறகு அவன் ஷிஃப்டை மாற்றிக்கொண்டான். பக்கத்து மெஷினில் வேறொருவன் வந்து நின்றான். தெருவில் எதிர்ப்பட்டால் ரசூல் ஒதுங்கிப் போவான், திம்மராயனும் நிறுத்திப் பேசத் துணியமாட்டான்.

துறை ஆஞ்சப்பனுக்குப் போனது. சில வருஷம் கழித்து அவன் பரிசலும் நைந்தது. புதுசு முடைந்தான், பழசை, கோழி அடைக்கவாவது ஆகும் என்று கவிழ்த்துப் போட்டிருந்தான். வேலைக்குப் போன திம்மராயன் அதைக் கண்டதும் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு இறங்கி வந்தான்.

"உதவாததை அப்பவே கிழிச்சிடு ஆஞ்சப்பா. அது குப்பைன்னு உனக்குத்தான் தெரியும். தெரியாதவளுக்கு அது பரிசல்."

ஆஞ்சப்பன் கொடுவாளை எடுத்துவர வீட்டுக்குப் போனான். அவன் திரும்பி வரும்வரை, ஷிஃப்டுக்கு நேரமாவதையும் பாராமல், திம்மராயன் அந்தப் பரிசலின் பக்கத்திலேயே காவல் நின்றான்.