எதிர்த்தரப்பின் ஒன்பது நியாயங்கள்

பண்டிதர் அருமைநாயகம் வாதிடும் கலையைப் பதினோராண்டு கற்பித்தவர். அந்தப் பதினோராண்டில் அவர் ஒருவரையேனும் ஒன்றையேனும் நம்பச் செய்ததாக யாரும் அறியார். அதை அவர் குறையாகக் கருதியதில்லை. ஒழுங்காகச் சொல்வது சொல்பவன் கடமை. நம்புவது கேட்பவன் பாடு என்பது அவர் கொள்கை.

மட்டக்களப்பு வாவியின் கிழக்குக் கரையிலிருந்த அவருடைய பாடசாலையில் வெள்ளிக்கிழமைதோறும் பிற்பகல் இரண்டு மணிக்கு விவாத சபை கூடும். சபைக்கு விதிகள் பல, தலையாயது ஒன்று. தன் கட்சியைத் தொடங்குமுன் எதிர்க்கட்சியை முழுமையாக எடுத்துரைக்க வேண்டும். எடுத்துரைப்பதைக் கேட்டு, இவ்வளவு நன்றாகத் தனக்கே சொல்ல வராதே என்று எதிரி நாண வேண்டும். எதிரியின் நியாயங்களில் ஒன்றை விட்டுவிட்டுப் பேசிய மாணவன் சபை கலையும்வரை வாங்குப் பலகையின்மேல் ஏறி நிற்பான். தன் கட்சியை மறந்து அமர்ந்தவனுக்குத் தண்டனை ஏதும் விதிக்கப்படவில்லை.

1936ஆம் ஆண்டு ஆனி மாதத்தில், வாவியின் மேற்குக் கரையாகிய படுவான்கரையில் ஒரு சிற்றூருக்குக் கல்விக் கந்தோரிலிருந்து கடிதம் வந்தது. அவ்வூர்ப் பாடசாலையில் இருபத்தேழு பிள்ளைகளே படிக்கின்றனர். அதை மூடிவிட்டு, பிள்ளைகளை நாள்தோறும் தோணியில் கிழக்குக் கரைக்கு அனுப்பலாம் என்பது கந்தோரின் யோசனை. முடிவெடுக்குமுன், பாடசாலைகளைப் பார்வையிடும் வித்தியாதரிசி நேரில் வந்து ஊரவர் சொல்வதைக் கேட்பார்.

அவ்வூரில் எருமைத் தயிர் விற்றுப் பிழைத்த சீதேவிப்பிள்ளை கைம்பெண். மகள் இராசாத்தி நான்காம் வகுப்பில் படித்தாள். தாய்க்கு எழுத்துத் தெரியாது. கடிதத்தைப் பிறர் வாசிக்கக் கேட்டவள் மறுநாளே தோணியேறிப் பண்டிதரிடம் வந்தாள்.

"எண்ட புள்ளைய நான் தோணியில விடமாட்டன் ஐயா. பள்ளிக்கூடத்தப் பூட்டினா அவளுக்கு எருமைதான். நீங்க பேச்சில வெண்டு மெடல் வாங்கினவராம். எங்களுக்காக ஒருக்காப் பேசுங்க."

பண்டிதர் இசைந்தார். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் படுவான்கரைக்குச் சென்று, பாடசாலைக் கொட்டிலில் ஊரவரை அமர்த்தி, அவரவர் நியாயங்களைச் சொல்லக் கேட்டுக் குறிப்பெடுத்தார்.

"வேற ஒண்டும் வேணாம்," என்றாள் சீதேவிப்பிள்ளை. "கச்சான் காத்து வீசக்குள்ள வித்தியாதரிசி ஐயாவ ஒருக்காத் தோணியில ஏத்தி விடுங்க. மறுகா அவரே சொல்லுவார்."

"அது நியாயம் ஆகாது, சீதேவி. அது சம்பவம்."

"சம்பவிச்சாத்தானே ஐயா தெரியும்?"

கொட்டிலில் சிரிப்பு எழுந்தது. பண்டிதர் அது அடங்கும்வரை காத்திருந்து, சம்பவத்துக்கும் நியாயத்துக்கும் உள்ள வேறுபாட்டை அரைமணி நேரம் விளக்கினார்.

அவரை ஏற்றி வந்த தோணிக்காரர் காத்தான்குடிச் சாலிஹ், வாசற்கப்பில் சாய்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"பண்டிதர் ஐயா, பள்ளிக்கூடத்தப் பூட்டினா உழைப்பு எனக்குத்தான். எண்டாலும் சொல்லுறன், கச்சானுக்கு எண்ட புள்ளய இந்தத் தோணியில நானே ஏத்தமாட்டன். இத எழுதிக்கங்க."

"நல்லது. தன் இலாபத்துக்கு மாறாக ஒருவன் சொல்லும் சாட்சி. மறுப்புரையில் ஏழாவதாக வரும்."

"ஏழாவதா? அதுக்குள்ள அவர் போயிருவாரே!"

பண்டிதர் 'ஏழு' என்று குறித்துக்கொண்டார். புறப்படும்போது ஊரவருக்கு ஒரே கட்டளையிட்டார்: தாம் பேசி முடிக்கும்வரை எவரும் வாய் திறக்கலாகாது.

ஆடி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு வித்தியாதரிசி விநாயகமூர்த்தி ஓர் எழுதுவினைஞருடன் வந்திறங்கினார். கால்சட்டை நனையாமல் கரையேற இருவர் அவரைத் தாங்க வேண்டியிருந்தது.

"பத்தரைக்கு நான் திரும்போணும்," என்றார் உட்கார்ந்ததும். "கச்சான் எழும்பினாக் கரைச்சல்."

பண்டிதர் எழுந்தார். அவை வணக்கம் ஐந்து நிமிடத்தில் முடிந்தது. பின் எதிர்த்தரப்பின் நியாயங்களைத் தொடங்கினார். அவை ஒன்பது. கந்தோர்க் கடிதத்தில் இருந்தவை இரண்டே. எஞ்சிய ஏழும் கந்தோருக்குத் தோன்றாதவை. அவற்றைப் பண்டிதர் மூன்று இரவுகள் விழித்திருந்து கந்தோரின் சார்பில் தாமே ஆக்கியிருந்தார்.

மூன்றாம் நியாயத்தில் வித்தியாதரிசி நிமிர்ந்து உட்கார்ந்தார். ஐந்தாம் நியாயத்தில் எழுதுவினைஞருக்குச் சைகை செய்தார். அவர் எழுதத் தொடங்கினார். ஊரவர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர்.

"இவர் ஆருட பக்கம்கா?" என்று பின்வரிசையில் ஒரு கிழவர் கேட்டார்.

"பொறுங்க அப்பச்சி. திரும்புவாராம்," என்றாள் சீதேவிப்பிள்ளை. அவள் கண் பண்டிதர்மேல் இல்லை. கொட்டிலுக்கு வெளியே வாவியின்மேல் இருந்தது.

எட்டாம் நியாயம் பண்டிதருக்கு மிக உவப்பானது. "ஒரே கரையில் வளரும் பிள்ளை அக்கரையையே அறியாது, வாவியை நாள்தோறும் கடப்பதே அதற்கு முதற்பாடம்." வித்தியாதரிசி, "அருமை" என்றார். பண்டிதர் தலைதாழ்த்தி அதை ஏற்றுக்கொண்டார். ஒன்பதாம் நியாயம் கிளைகளுடையது. பதினொரு நிமிடம் எடுத்தது.

பிறகு அவர் செம்பிலிருந்து ஒரு மிடறு நீர் பருகினார்.

"இதுகாறும் கூறியவை எதிர்த்தரப்பினர் கூற்று. இனி இவற்றை ஒவ்வொன்றாக…"

வித்தியாதரிசி எழுந்துவிட்டிருந்தார். வாவியில் வெள்ளைத் திரைகள் தோன்றியிருந்தன. கொட்டிலின் கூரைக் கிடுகுகள் படபடத்தன.

"மன்னிக்கோணும் பண்டிதர். காத்து எழும்பிற்று, எனக்கு நீந்தவும் தெரியாது. மிச்சத்தச் சுருக்கமாச் சொல்லுங்க."

"சுருக்கினால் முறை கெடும், ஐயா."

"அப்ப எழுதி அனுப்புங்க."

அவர் கரைக்கு விரைந்தார்; ஊர் முழுவதும் பின்னால் சென்றது. ஒரு காலைத் தோணியில் வைத்தபோது சீதேவிப்பிள்ளை முன்னே வந்தாள்.

"ஐயா, உங்களுக்கு நீந்தத் தெரியா, இந்தக் காத்துக்குப் பயந்து ஓடுறீங்க. எண்ட புள்ளைக்கும் நீந்தத் தெரியா."

வித்தியாதரிசியின் மறுகால் கரையிலேயே நின்றது. அவர் அவளைப் பார்த்தார். அவளுக்குப் பின்னால் நின்ற பிள்ளைகளைப் பார்த்தார். தோணியின் விளிம்பை மோதிய நீரைப் பார்த்தார். எதையோ சொல்ல வாயெடுத்தார். அதுவரை ஒருவரும் அவரை அந்த அளவுக்குத் தயங்க வைத்திருக்கவில்லை.

"பொறுத்தருள வேண்டும் ஐயா!" என்று கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார் பண்டிதர். "இவள் சபைமுறை அறியாதவள். இது நியாயத்தில் சேராது. தாங்கள் இதைக் கருத்திற் கொள்ள வேண்டியதில்லை."

"ஓமோம்," என்றார் வித்தியாதரிசி, பெருமூச்சு விட்டு. மறுகாலையும் தூக்கித் தோணியில் வைத்து, இரு விளிம்புகளையும் இரு கைகளாலும் இறுகப் பற்றிக்கொண்டு அமர்ந்தார். சாலிஹ் பண்டிதரை ஒருமுறை பார்த்துவிட்டுத் தோணியைத் தள்ளினார்.

மறுப்புரையைப் பண்டிதர் அன்றே எழுதத் தொடங்கினார். முழுமை கருதி எதிர்த்தரப்பின் ஒன்பது நியாயங்களையும் முதலிலிருந்து எழுத வேண்டியிருந்தது. ஆறாம் நியாயத்தில் இருக்கையில், பாடசாலையை மூடும் உத்தரவு வந்தது. அதில் எட்டாம் நியாயம் சொல் மாறாமல் எடுத்தாளப்பட்டிருந்தது. தம் வாக்கியம் அரசாங்கத் தாளில் நிற்பதைப் பண்டிதர் இருமுறை வாசித்தார். ஓரிடத்தில் ஒற்று விடுபட்டிருந்தது. அதைச் சிவப்பு மையால் திருத்தினார்.

படுவான்கரைக் கொட்டில் நெல்மூடைகள் அடுக்கும் இடமாயிற்று. இருபத்தேழு பிள்ளைகளில் ஒன்பது பேர் தோணியேறினர். இராசாத்தி எருமைகளின் பின்னால் போனாள்.

கார்த்திகையில் விவாத சபை அந்தப் பாடசாலையை மூடியது தகுமா என்பதையே பொருளாக எடுத்துக்கொண்டது. பேசியவர் பண்டிதர். அன்று தயிர் விற்க வந்திருந்த சீதேவிப்பிள்ளையையும் ஆளனுப்பி அழைத்து, கதவோரத்து வாங்கில் இருத்தினார். நேர வரையறை இல்லை. ஒன்பது நியாயங்களையும் நிலைநிறுத்தினார். பின் ஒன்பதையும் ஒன்றொன்றாக வீழ்த்தினார். ஏழாவதில் சாலிஹின் சாட்சி தன் இடத்தில் பிசகாமல் வந்தது. மாணவர் கைதட்டினர். மூடியது தகாது என்று நாற்பத்திரண்டு கைகள் உயர்ந்தன. எதிர்த்து வாக்களித்த மூவரும் முதற்பாதியைக் கேட்டபின் உறங்கியவர்கள்.

"பார்த்தாயா, சீதேவி? வென்றுவிட்டோம்."

"அப்ப பள்ளிக்கூடத்த ஆர் திறக்கிற?"

"அது வேறு விடயம்," என்றார் பண்டிதர்.

அவர் குடை பிடித்தபடி அவளுடன் துறைவரை வந்தார். வாடைக் காற்றில் மழை சாய்ந்து விழுந்தது. வாவி கறுத்துப் புரண்டது. கட்டிய தோணியைச் சாலிஹ் இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சீதேவி, இதில் ஏறாதே. கவிழ்ந்துவிடும்! எங்கள் வீட்டில் தங்கி விடியப் போகலாம்."

"புள்ள எருமைகளோட தனியக் கிடக்கு ஐயா." வெறுஞ்சட்டிகளைத் தோணியில் இறக்கி வைத்துவிட்டு அவள் திரும்பினாள். "இப்ப சொன்னீங்களே, இதத்தான் ஆடியில சொல்லச் சொன்ன நான். இவ்வளவுதான்."

"ஏறுங்க தங்கச்சி, இருட்டுது," என்றார் சாலிஹ்.

பண்டிதருக்கு மறுமொழி இருந்தது. ஆனால் மறுமொழி சொல்லுமுன் அவள் கூற்றை முழுமையாக எடுத்துரைக்க வேண்டும். குடையை மறுகைக்கு மாற்றிக்கொண்டு, அதைத் தொடங்கினார். முதல் வாக்கியம் முடியுமுன் தோணி மழைக்குள் மறைந்துவிட்டது.