இருபத்தைந்து டிகிரி

கோவில்பட்டிக்கு வெளியே கரிசல்காட்டுக்குள் நிற்கிற அந்தப் பொறியியல் கல்லூரியின் ஆய்வுக்கூடத்தில், சித்திரை மாதம் சுவரேறும் பல்லி ஒவ்வொரு காலாகத் தூக்கி ஊதி ஆற்றிக்கொண்டுதான் அடுத்த அடி வைக்கும். நாகலாபுரத்தில் மிளகாய் வெள்ளாமை செய்கிற சம்சாரியின் மகள் பாண்டிச்செல்வி, முனைவர் பட்டத்துக்காக மூன்று வருஷமாக அங்கேதான் எண்ணெய்ச் சொட்டு விட்டுக்கொண்டிருந்தாள்.

தலைமுடி கனத்தில் வாய்க்கால் வெட்டிய கண்ணாடிச் சில்லு. நடு வாய்க்காலில் எண்ணெய், இரு பக்கமும் தண்ணீர். மூன்றும் கூடுகிற இடத்தில் தண்ணீர் எண்ணெயை நறுக்கி நறுக்கி அனுப்பும். மத்தியான வெயிலில் எல்லாச் சொட்டும் நாற்பது மைக்ரான். காலையில் மட்டும் பெருத்து வரும். வெயில் ஏற ஏற எண்ணெய் இளகி, சொட்டு சிறுக்கும். எல்லாவற்றையும் தேதி போட்டு நோட்டில் எழுதிவைத்தாள்.

"சார், நம்ம ரூம்ல முப்பத்தெட்டு டிகிரில்லா காட்டுது?"

வழிகாட்டிப் பேராசிரியர் லிங்கராஜ் தலையைத் தூக்கவில்லை. "எல்லா ஊரு லேபும் இருபத்தஞ்சுதான். நமக்கு மட்டும் காய்ச்சலா? ஆய்வேட்டுல இருபத்தஞ்சுன்னு போடும்மா."

போட்டாள். அவர் கையெழுத்து இல்லாமல் பட்டம் கிடையாது.

ஆய்வேட்டைச் சோதிக்கச் சென்னையிலிருந்து நிபுணர் வருகிறார் என்றதும், தாளாளர் அறை ஏசியைக் கழற்றி வந்து லேபில் மாட்டி, பதினெட்டில் வைத்தார்கள். அடித்த குளிரில் பியூன் வெயிலுமுத்து சட்டைக்கு மேல் சட்டை போட்டு, அதற்கு மேல் பேரன் சட்டையையும் போட்டுக்கொண்டார். எண்ணெய் தடித்தது. சொட்டுகள் அறுபது மைக்ரானில், முதல் பந்திக்கு முந்துகிற மாப்பிள்ளை வீட்டார் மாதிரி இடித்துக்கொண்டு வந்தன.

"நாற்பதுன்னு எழுதியிருக்கீங்களே?" என்றார் நிபுணர்.

"சூடு கொறஞ்சிட்டு சார். நான் அளந்தது முப்பத்தெட்டுல."

"ஆய்வேட்டுல இருபத்தஞ்சுன்னு இருக்கு. யார் போட்டது?"

அவள் லிங்கராஜைப் பார்த்தாள். அவர் ஏசிக் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார்.

நிபுணர் உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போன சாயந்திரமே லிங்கராஜ் காகிதம் நீட்டினார். "அளவெல்லாம் தப்பு, பொறுப்பு என்னோடதுன்னு எழுதிக் குடுத்துரும்மா. அடுத்த வருஷம் புதுசாப் பாத்துக்கிடலாம்."

"நோட்டுல உள்ளது எல்லாமா சார்?"

"எல்லாந்தான்."

எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

ஆறு மாதத்தில் வெளிநாட்டு இதழ் ஒன்றில் கட்டுரை வந்தது. வெப்பம் ஏறினால் எண்ணெய் நுண்சொட்டு எப்படிச் சிறுக்கிறது என்று. பதினெட்டில் அறுபது, முப்பத்தெட்டில் நாற்பது, நடுவே அவள் காலையும் மத்தியானமும் அளந்தவை. எழுதியவர் ஒரே ஆள்: லிங்கராஜ்.

அச்செடுத்துக்கொண்டு போய் அவர் மேசையில் வைத்தாள். "இது என் நோட்டுல உள்ளதுல்லா சார்?"

லிங்கராஜ் கண்ணாடியைக் கழற்றி நிதானமாகத் துடைத்தார்.

"ஒன் நோட்டா? அது அம்புட்டும் தப்புன்னு நீயே எழுதிக் குடுத்துருக்கியேம்மா."