மொட்டைமாடிப் பூட்டு

அரசியல் அறிவியல் படிக்கும் என் மகள், ஈரத்துணி வாளியோடு மாடிப்படியில் நின்று கேட்டாள்: "மொட்டைமாடியப் பூட்டினது யாருப்பா?"

"குடியிருப்போர் சங்கம்தான். வேற யாரு?"

இங்கே குடிவந்த நாளிலிருந்து நாங்கள் துணியை வீட்டுக்குள்தான் காயப்போடுகிறோம். அவள் விடவில்லை. நேரே சங்கத் தலைவரிடம் போனாள்.

"நான் பொறுப்புக்கு வரும்போதே பூட்டித்தான் இருந்துச்சும்மா. காவலாளியைக் கேளு" என்றார் அவர்.

காவலாளியோ, "நீங்க யாருமே மேல போறதில்ல. அதனால நானும் போறதில்ல" என்றார்.

மறுபடி மாடிக் கதவுக்கே வந்து நின்றோம். எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. "சட்டம்னா சட்டம். பேசாம இருக்க மாட்டியா? உன் புத்தகத்துல இதெல்லாம் சொல்லித் தரலியா?"

"ஜனங்க ஏன் கீழ்ப்படியறாங்கன்னு அதுல ஒரு பாடமே இருக்குப்பா" என்றபடி பூட்டை இழுத்துப் பார்த்தாள். அது கையோடு வந்துவிட்டது. இத்தனை நாளும் சும்மா கொக்கியில் தொங்கிக்கொண்டு இருந்திருக்கிறது!

மேலே நல்ல வெயில். போட்ட துணியெல்லாம் மொறுமொறுவென்று காய்ந்துவிட்டது. எடுத்துக்கொண்டு இறங்கும்போது மகள் திரும்பிப் பார்த்தாள்.

"மொட்டைமாடியப் பூட்டறது யாருப்பா?"

அப்போதுதான் என் கையைக் கவனித்தேன். அது அந்தப் பூட்டைப் பழையபடியே கொக்கியில் மாட்டிக்கொண்டிருந்தது.