மாதிரி போல்ட்

அண்ணன் செத்துப்போன பிறகு தங்கச்சியின் சோதனை மெஷினில் ஒரு போல்ட்கூடத் தேறவில்லை. பட்டறையைத் திரும்பத் திறந்து ஐந்து நாளாக இதே கூத்து. புதிய உலைக்காரர் அனுப்புவதைக் கம்பிச்சுருளுக்குள் நுழைத்தால், முள் நடுக்கோட்டை விட்டு ஓரத்துக்கு ஓடியது.

"உங்கண்ணன்தான் உள்ள உக்காந்து முள்ள இழுக்கறார்," என்று பட்டறை ஆட்கள் சிரித்தார்கள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. முள் நடுங்கும்போதெல்லாம் தோளுக்குப் பக்கத்தில் அவன் நிற்பது போலிருந்தது. உண்மையாகவே பயந்தாள்.

பழைய உலைக்காரன் அண்ணன்தான். பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கிய எஃகு கல்லாக இறுகும், ஆனால் கண்ணாடியாகச் சட்டென்று உடையும். மறுபடி இதமாகச் சூடேற்றினால்தான் அடி தாங்கும். இந்த மறுசூடு பட்டதா இல்லையா என்பது கண்ணுக்குத் தெரியாது. உடைக்காமலே கண்டுபிடிக்கத்தான் அவள் மெஷின். சுருளில் ஓடும் மின்சாரம் போல்ட்டைத் தொட்டுப் பார்த்து, சரியானது என்று வைத்திருக்கும் மாதிரி போல்ட்டோடு ஒத்துப்போகிறதா என்று முள்ளை வைத்துச் சொல்லும்.

அண்ணனின் கடைசி வாரத்திலும் எல்லாம் இப்படித்தான் திரும்பிப் போயின. அவன் மல்லுக்கு நிற்கவில்லை. "என் உலை பொய் சொல்லும், என் தங்கச்சி முள்ளு சொல்லாது," என்று மறுசூட்டைக் குறைத்துக் குறைத்துப் பார்த்தான். கடைசியில் முள் நடுக்கோட்டில் நின்றது. அந்தச் சந்தோஷத்தில் ஒரு போல்ட்டைத் தன் உலைக்கூடையைத் தூக்கும் சங்கிலியிலேயே மாட்டினான். மறுநாள் அது உடைந்து, கூடை அவன் மேல் விழுந்தது. மறுசூட்டைக் குறைத்த அவசரக்குடுக்கை என்று பட்டறையே பேசியது. அந்தப் பேச்சு அண்ணி காதுக்கும் போனது.

ஆறாம் நாள் காலை புதிய உலைக்காரர் அவள் மேசைக்கு வந்தார்.

"இன்னிக்கு மறுசூட்டக் கொறச்சுப் பாக்கறேன்மா. உங்கண்ணனும் அப்படித்தான் தேத்தினாராமே."

அப்படித் தேறிய போல்ட்தான் அண்ணனின் சங்கிலியில் உடைந்தது. மாதிரி போல்ட்டை எடுத்து அரத்தால் ராவினாள். பல் பதியாமல் அரம் வழுக்கியது. அவர் கொண்டுவந்ததை ராவினாள். பொடி உதிர்ந்தது. இவருடைய போல்ட் நல்லது. மறுசூடே காணாதது மாதிரி போல்ட்தான்.

அண்ணனின் அந்தக் கடைசி வாரத் தொடக்கத்தில், பழைய மாதிரி போல்ட் தொலைந்துபோன அன்று, மேலாளரிடம் வாங்கிக்கட்டிக்கொள்ளப் பயந்து, உலைப் பக்கத்துத் தட்டிலிருந்து இதை உருவிக்கொண்டு வந்தாள். முடிந்த சரக்கு என்று நினைத்தாள். சாயங்காலம் அண்ணன் வந்து கேட்டான்: "மறுசூட்டுக்கு வெச்ச தட்டுல ஒண்ணு கொறையுதே, நீ எடுத்தியா?"

"இல்லண்ணா."

அவன் நம்பினான். முள்ளையும் நம்பினான்.

"கொறைக்காதீங்க," என்றாள் உலைக்காரரிடம். "தட்டுலேர்ந்து நான்தான் எடுத்தேன்."

"எந்தத் தட்டுலேர்ந்து?" என்றார் அவர், ஒன்றும் விளங்காமல்.

"நான்தாண்ணா எடுத்தேன்," என்றாள் மறுபடியும், தோளுக்குப் பக்கத்தில் திரும்பி. மாதிரி போல்ட்டைக் கையில் பொத்திக்கொண்டு எழுந்தாள். முதலில் மேலாளர் அறைக்கு, அங்கிருந்து அண்ணியிடம் போக வேண்டியிருந்தது.