ஓட்டம் பார்க்கப் போனவர்

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை ஆனால் பல்செட்காரர் வீட்டில் ஒரு பொய் சொல்லப்படும்.

"சும்மா காலாற நடந்துட்டு வந்துடறேன்."

அவர் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்ப்பாள். "நடக்கறதுக்கு எதுக்கு மடக்கு நாற்காலி? கால் வலிச்சா நடுரோட்டுல விரிச்சு உக்காரவா?"

மூன்று வருடமாக இதே பொய், இதே பதில். இரண்டு பேருக்கும் மனப்பாடம். ஆனால் இந்த ஞாயிறு அவர் பெட்டியில் மடித்து வைத்திருந்த சட்டையை எடுத்துப் போட்டிருந்தார். அதைப் பார்த்ததும் அவள் பாட்டை மாற்றிவிட்டாள்.

"என்ன, மாப்பிள்ளை கோலம்?"

"அவன் இன்னிக்குத்தான் கடைசி."

"யாரு, கூரியரா?"

"ம். வேற ஊருக்கு மாத்திட்டாங்களாம். புதன்கிழமை கிளம்பறான்."

அவள் அடுப்பைத் தணித்தாள். அவளுக்கு விஷயம் தெரியும். தெரியும் என்பதை இத்தனை நாளும் கிண்டலுக்குள் ஒளித்து வைத்திருந்தாள். "சரி, பாத்துட்டு வாங்க" என்று மட்டும் சொன்னாள். கிண்டல் இல்லாத அந்த வாக்கியம் அவருக்கு என்னவோ போலிருந்தது. செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு இரண்டு படி இறங்கி, திரும்பி வந்து சரியாகப் போட்டுக்கொண்டார்.

அவருடைய தொழில் பல். டாக்டர்கள் அனுப்பும் அச்சுகளைப் பார்த்து மெழுகில் செதுக்கி, பொய்ப்பல் செய்து கொடுப்பது. ஒரு சின்ன அறை, ஒரு முக்காலி, தலைக்கு மேல் ஒரு டியூப்லைட், மூக்கு நிறைய பிளாஸ்டர் தூசு. முப்பது வருடம் இப்படியே போய்விட்டது. இந்த நகரத்தில் எத்தனையோ பேர் அவர் செய்த பல்லால்தான் கடிக்கிறார்கள், சிரிக்கிறார்கள், பெண்டாட்டியைத் திட்டுகிறார்கள். அவரைத் தெருவில் பார்த்தால் ஒருவருக்கும் தெரியாது. இதில் அவருக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. பல் போட்டுக்கொண்டவர்கள் பல் செய்தவனைத் தேடி வந்தார்கள் என்றாலே அது சண்டைக்குத்தான்.

மைதானம் ஒரு டயர் கிடங்குக்குப் பின்னால் இருந்தது. நான்கு மூலையில் மட்டும் புல், நடுவில் வழுக்கை. ஒரு கோல் கம்பத்துக்கு வலை உண்டு, இன்னொன்றுக்கு இல்லை. பெயின்ட் கடைக்காரர், எலெக்ட்ரீஷியன், லாரி கிளீனர், ஒரு கணக்கு வாத்தியார் என்று கைக்குக் கிடைத்தவர்களைச் சேர்த்து ஒரு கால்பந்து அணி. அதை நடத்துகிறவர் கட்டட மேஸ்திரி. ஆட்டக்காரர்களையும் அவர் வேலையாட்களைப் போலத்தான் நடத்துவார்: வராதவனைத் திட்டமாட்டார், வந்தவனைத்தான் திட்டுவார். அணியில் மூன்று பேருடைய முன்பற்கள் பல்செட்காரரின் கைவண்ணம். அந்த உரிமையில் அவருக்குக் கோட்டை ஒட்டி நாற்காலி போட இடம்.

மூன்று வருடமாகப் பார்க்கிறார். யார் ஜெயித்தது என்று கேட்டால் முழிப்பார். அவர் மேட்ச் பார்ப்பதே இல்லை. வலது ஓரத்து விங்கில் ஓடும் ஒருவனை மட்டும் பார்க்கிறார்.

கூரியர் கம்பெனியில் வேலை செய்கிற அவனுக்கு இருபத்தேழு வயது இருக்கும். ஓட ஆரம்பித்ததும் இடது கை தானாக இடுப்புக்குப் போய்விடும். வலது தோள் கொஞ்சம் இறங்கிவிடும். அப்படியே இடுப்பைப் பிடித்தபடி காற்றாய்ப் பறப்பான். மாடி மாடியாக ஏறி இறங்குகிறவன். பெல்ட்டில் தொங்கும் ஸ்கேனர் தொடையில் இடிக்காமல் பிடித்துப் பிடித்துக் கைக்கு அது பழகிவிட்டது. மைதானத்தில் ஸ்கேனர் கிடையாது, கைக்கு அது தெரியாது.

ஊரில் அவருடைய தம்பியும் இப்படித்தான் ஓடுவான். அவன் பிடித்தது நிக்கரை. அண்ணன் போட்டுக் கழித்த நிக்கர்கள்தான் அவனுக்கு வரும். அண்ணனோ அப்போதே இரண்டு ஆள் அகலம். பிடிக்காமல் ஓடினால் மானம் போய்விடும். பிறகு சம்பாதித்து, நாடா வைத்த சொந்த நிக்கர் வாங்கிய பிறகும் கை இடுப்பை விட்டு வரவில்லை.

அது ஒரு ரயில் சந்திப்பு ஊர். கூட்ஸ் யார்டை ஒட்டி மைதானம். ஒருமுறை தம்பி அடித்த பந்து உயர எழும்பி, போய்க்கொண்டிருந்த கூட்ஸ் வண்டியின் திறந்த பெட்டிக்குள் விழுந்து, நிலக்கரியோடு எங்கேயோ போய்விட்டது. "நம்ம தெருவுலேர்ந்து வெளியூர் போன மொத ஆளு அதுதாண்டா" என்று தம்பி சிரித்தான். இரண்டாவது ஆள் பல்செட்காரர். இருபத்து மூன்று வயதில், இரண்டே வருடத்தில் திரும்பி வருவதாகச் சொல்லிவிட்டு வண்டி ஏறினார்.

ஓட முடியாதவனைத்தானே கோலில் நிறுத்துவார்கள்? அவரையும் அங்கேதான் நிறுத்தியிருந்தார்கள். அதனால் தம்பியின் ஓட்டத்தை அவர் எப்போதும் பின்னாலிருந்தே பார்த்திருக்கிறார். சின்ன முதுகு, இடுப்பில் ஒரு கை, தூரமாய்ப் போய்க்கொண்டே இருக்கும். ஊர் என்று நினைத்தால் அவருக்கு வீடும் வராது, தெருவும் வராது. அந்த முதுகுதான் வரும்.

அவர் வேலையில் சேர்ந்து இரண்டாவது வருடம் அப்பா கை கால் விழுந்து படுத்தார். தம்பி போன் பண்ணினான். "அண்ணே, ரயில்வே டீமுக்கு ஆள் எடுக்கறாங்க. பதினஞ்சு நாள் கேம்ப். நீ வந்து அப்பாவைப் பாத்துக்கிட்டேன்னா நான் போய் ஓடிக் காட்டிட்டு வந்துடுவேன்."

"இந்த மாசம் லேப்ல வேலை குவிஞ்சு கெடக்குடா. அடுத்த தடவை எடுப்பாங்கல்ல, அப்பப் பாத்துக்கலாம்."

"சரிண்ணே."

அவ்வளவுதான். அப்பா பதினொரு வருடம் படுத்திருந்தார். தம்பி யார்டில் எடை போடும் வேலைக்குப் போனான். அப்பாவைத் திருப்பிப் படுக்க வைத்தான், துடைத்தான், ஊட்டினான். ஒருநாள்கூடச் சொல்லிக் காட்டியதில்லை. நாலு வார்த்தை கேட்டிருந்தால் இவரும் பதிலுக்கு நாலு வார்த்தை கத்தி, கணக்குத் தீர்ந்தது என்று இருந்திருப்பார். அதற்கும் வழி வைக்காமல் நாலு வருடத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை, மாரைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்துவிட்டான். வீடு விற்றாயிற்று. ஊரில் இப்போது இவரை 'வா' என்று சொல்ல ஒரு ஆள் இல்லை.

தம்பியின் போட்டோக்கள் இருக்கின்றன. கல்யாணத்தில் ஒன்று, அடையாள அட்டையில் ஒன்று, யார்டில் சக ஊழியர்களோடு ஒன்று. எல்லாவற்றிலும் நின்றுகொண்டிருக்கிறான். ஓடுகிற தம்பி உலகத்தில் ஒரே இடத்தில்தான் மிச்சம் இருந்தான்: டயர் கிடங்குக்குப் பின்னால், வாரத்துக்கு ஒன்றரை மணி நேரம். இன்றோடு அதுவும் முடிகிறது. இன்று ஒரு முழு ஓட்டம், கோட்டிலிருந்து கோடு வரைக்கும் பார்த்துவிட வேண்டும். அதற்குத்தான் அந்தச் சட்டை.

அவர் நாற்காலியை விரிக்கும்போது மேஸ்திரி தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்.

"என்னாச்சு?"

"கீப்பருக்கு கை போச்சு. எலெக்ட்ரீஷியன் ஐயா கரண்ட்ல அடிபடல. வீட்டு பீரோ கதவுல வெரலை வெச்சு நசுக்கிக்கிட்டாரு. பத்து பேருதான் இருக்கோம்."

"அப்ப கோல்ல யாரு?"

"கூரியரைத்தான் நிறுத்தணும். அவன் ஒருத்தன்தான் பந்தைக் கையால புடிப்பான். மத்தவனுங்க கண்ணை மூடிக்குவானுங்க."

பல்செட்காரருக்குக் காது அடைத்துவிட்டது. கடைசி மேட்ச், அவன் கோலில் நிற்பானாம்! அந்த ஒன்றரை மணி நேரமும் இரண்டு கம்பத்துக்கு நடுவில் அவன் நின்றுகொண்டே இருப்பான், போட்டோவில் தம்பி நிற்பதைப் போல.

"நான் நிக்கறேன்" என்றது ஒரு குரல். யார் என்று அவரும் சுற்றிப் பார்த்தார். அவர்தான்.

மேஸ்திரி அவரை மேலிருந்து கீழ் வரை அளந்தார், பழைய வீட்டை இடிக்கலாமா பூசலாமா என்று பார்க்கிற மாதிரி. "உங்களுக்கு என்ன வயசு?"

"அம்பத்து மூணு. ஊர்ல நான் கீப்பர்தான்."

"எப்ப?"

"அது எதுக்கு இப்ப?"

லீக்கில் பதினெட்டுப் பெயர் கொடுத்தாக வேண்டும் என்பதற்காக அவர் பெயரையும் மேஸ்திரி எப்போதோ எழுதி வைத்திருந்தார். ரெஃப்ரி பட்டியலைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார், திரும்பவும் பட்டியலைப் பார்த்தார். "இவரை ஃபார்வர்டுன்னு போட்டிருக்கு."

"அது ஒரு காலம் சார்" என்றார் மேஸ்திரி, வருத்தத்தோடு.

கீப்பர் சட்டை தொப்புளுக்கு மேலேயே நின்றுவிட்டது. எலெக்ட்ரீஷியனின் கையுறை ஈரமாக இருந்தது. கூரியர் வந்து கையுறையின் பட்டையை அவருக்கு இழுத்துக் கட்டிவிட்டான். "ரொம்ப தேங்க்ஸ்ணே. கடைசி மேட்ச்ல கோல்ல நிக்கணுமோன்னு நொந்து போயிட்டேன்."

"நீ மேல போய் ஓடு. கீழ திரும்பியே பாக்காதே. நான் இருக்கேன்" என்றார். சொன்ன வேகத்தில் அவருக்கே நம்பிக்கை வந்துவிட்டது.

எதிரணி பால்பண்ணை ஆட்கள். விடிகாலையில் எழுந்து கேன் தூக்குகிறவர்கள். தோள் எல்லாம் கதவு மாதிரி. மூன்றாவது நிமிஷம் பந்து கூரியரிடம் வந்தது. இடது கை இடுப்புக்குப் போனது, தோள் இறங்கியது. பல்செட்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். நாலே எட்டு. பந்தைப் பறித்துவிட்டார்கள். ஒரே உதையில் அது இந்தப் பக்கம் வந்தது. அவர் பந்தைப் பார்க்கவில்லை, இன்னமும் அந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். கால்களுக்கு நடுவில் ஏதோ காற்று போன மாதிரி இருந்தது. திரும்பினால் வலை ஆடிக்கொண்டிருந்தது.

"பந்தைப் பாருங்க சார்!" என்று கணக்கு வாத்தியார் கத்தினார். தவறான விடை எழுதிய பையன் போல பல்செட்காரர் தலையை ஆட்டினார்.

அடுத்த ஐந்து நிமிஷத்தில் ஒன்று கம்பத்தில் பட்டுத் தப்பியது. ஒன்று அவர் முகத்தில் பட்டுத் தப்பியது. கோட்டுக்கு வெளியிலிருந்து மேஸ்திரியின் குரல் கேட்டது: "டேய் கூரியர், கீழ வாடா! பெரியவரைத் தனியா விடாதே!"

கூரியர் கீழே வந்தான்.

வந்தவன் போகவேயில்லை. அவருக்கு எட்டடி முன்னால் காலை அகட்டி நின்றான். வந்த பந்தையெல்லாம் தலையாலும் நெஞ்சாலும் தொடையாலும் தடுத்தான். பால்பண்ணைக்காரன் ஒருவன் இடித்துத் தள்ளி முழங்கை தோலுரிந்தது. எழுந்து திரும்பவும் அதே இடத்தில் நின்றான். அவனுடைய முதுகு தூரமாய்ப் போகவில்லை. அவருக்கு எதிரிலேயே, வியர்த்து, மண் அப்பி, மூச்சு வாங்கிக்கொண்டு நின்றது. ஓடுகிற தம்பியைத்தான் அவர் இத்தனை வருடம் நினைத்திருந்தார். பதினொரு வருடம் ஒரே இடத்தில் நின்ற தம்பியின் முதுகு எப்படி இருந்திருக்கும் என்று ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

பாதி நேரத்தில் அவர் மேஸ்திரியிடம் கெஞ்சினார். "அவனை மேல அனுப்புங்க. நான் சமாளிச்சுக்கறேன்."

"எதை வெச்சு?" என்றார் மேஸ்திரி.

இரண்டாவது பாதியில் பெயின்ட் கடைக்காரர் ஒரு கார்னரில் தலையைக் கொடுத்து, எப்படி என்று அவருக்கே தெரியாமல் ஒரு கோல் போட்டுவிட்டார். ஒன்றுக்கு ஒன்று. கடைசி ஐந்து நிமிஷம். பால்பண்ணைக்காரர்கள் எல்லாரும் முன்னேறி வந்துவிட்டதால் வலது பக்கம் மொத்தமும் காலியாகக் கிடந்தது. பந்து பல்செட்காரர் கைக்கே வந்து சேர்ந்தது. கூரியர் திரும்பிப் பார்த்தான். முகம் முழுக்க ஆசை.

"அண்ணே, போவட்டுமா? போனா கோல்தான். ஆனா பந்து பறிபோச்சுன்னா நீங்க தனியாதான் நிக்கணும். சமாளிப்பீங்களா?"

"போடா" என்றார். "போடா, போ! நான் பாத்துக்கறேன். போ!"

அவன் இரண்டு எட்டு வைத்தான். பிறகு ஒருமுறை திரும்பிப் பார்த்தான். அவர் நிமிர்ந்துதான் நின்றார். மார்பை நிமிர்த்தி, தொப்பையை உள்ளே இழுத்து, முப்பது வருடத்துக்கு முன்னால் நின்றிருக்க வேண்டிய மாதிரி நின்றார். முழங்கால்கள் மட்டும் சொன்ன பேச்சுக் கேட்காமல் நடுங்கிக்கொண்டிருந்தன. அவன் அதைப் பார்த்தான். அவன் முகத்திலிருந்த ஆசை மெதுவாக இறங்கி, அங்கே ஒரு சிரிப்பு வந்தது. வயதானவர்களைப் பார்த்து நல்ல பிள்ளைகள் சிரிக்கிற சிரிப்பு.

"பரவால்லண்ணே. வாத்தியாருக்குப் போடுங்க" என்று திரும்பி வந்து எட்டடியில் நின்றுகொண்டான்.

விசில் ஊதினார்கள். டிரா.

பால்பண்ணையோடு டிரா என்றால் அவர்களுக்கு அது கோப்பை மாதிரி. எல்லாரும் ஓடிவந்து பல்செட்காரரைக் கட்டிக்கொண்டார்கள். மேஸ்திரி முதல் தடவையாக ஒருவரைப் பாராட்டினார்: "ஒரே ஒரு கோல்தான் விட்டீங்க. நான் ஏழு எதிர்பாத்தேன்." அவருடைய பல்லை வாயில் வைத்திருந்த மூன்று பேரும் அந்தப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்கள். நடுவில் அவர் கையுறையால் முகத்தைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்க அழுதுகொண்டிருந்தார்.

"அடி பட்டுருச்சா?" என்று வாத்தியார் பதறினார்.

"சந்தோஷத்துல அழுவறாருப்பா" என்றார் மேஸ்திரி.

கூரியர் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, முதலில் ஒரு கையுறையைக் கழற்றினான், அப்புறம் மற்றதை. கொழகொழவென்று ஊறிப்போயிருந்த அவர் விரல்களைத் தன் சட்டையில் துடைத்தான்.

"என்னண்ணே இது, சின்னப் பிள்ளையாட்டம்? டிரா பண்ணிட்டோம்ணே."

"நீ ஓடவே இல்லியேடா" என்றார் அவர். "ஒரு தடவைகூட ஓடவே இல்லியே."

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பில் ஒரு துளி வன்மம் கிடையாது.

"நீங்க எங்கண்ணே என்னை ஓட விட்டீங்க?"

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பல்செட்காரர் அவன் கையை விடாமல் பிடித்துக்கொண்டு, "ஆமாண்டா" என்றார். "ஆமா, விடலைடா."