பதிவாளர் மகனின் தேர்வு எண்

தகவல் மற்றும் செயலிப் பாதுகாப்பு முதுகலையின் கடைசித் தேர்வில் பதினாறு மதிப்பெண்ணுக்கு ஒரு கேள்வி வந்தது. அடுத்தவருடைய செயலியில் ஓட்டை ஒன்றைத் தற்செயலாகக் கண்டால் என்ன செய்வீர்கள்? தாழ்ப்பாள் என்று பட்டப்பெயர் வாங்கிய மாணவி மூன்று பக்கம் எழுதித் தள்ளினாள். எதையும் எடுக்கக் கூடாது, யாரிடமும் காட்டக் கூடாது, உரியவருக்கு உடனே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பேராசிரியர் பதினைந்து போட்டார். பிறகு நடந்ததைப் பார்த்தால் அந்தப் பதினைந்தே அதிகம்.

வகுப்பில் அவளுக்கு அந்தப் பெயர் வந்ததில் வியப்பில்லை. ஆய்வகத்தில் எல்லோரும் கிளம்பிய பிறகும், ஒவ்வொரு கணினியும் பூட்டியிருக்கிறதா என்று தட்டிப் பார்த்துவிட்டுத்தான் அவள் கிளம்புவாள்.

தேர்வு முடிவு வந்த அன்று பல்கலைக்கழக வலைத்தளம் மூச்சுத் திணறியது. தேர்வு எண்ணில் முடியும் அந்தப் பக்கத்தின் முகவரியை மறுபடி தட்டும்போது கட்டைவிரல் வழுக்கி, அவளுடைய தேர்வு எண்ணின் கடைசியில் ஆறுக்குப் பதில் ஏழு விழுந்தது. திரையில் அவள் வகுப்புக் கடைசி பெஞ்சுக்காரன் ஒருவனின் மதிப்பெண்கள் வந்து நின்றன. கூடவே அவன் அம்மாவின் தொலைபேசி எண், வீட்டு முகவரி, இரத்த வகை. பார்ப்பது யார் என்று சர்வர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எந்த எண்ணைத் தட்டினாலும் அந்த எண்ணுக்குரியவரின் குடும்பம் மொத்தமும் திரைக்கு வந்துவிடும் போலிருந்தது. பதறிப்போய் மூடினாள். தேர்வில் எழுதிய பதிலை அப்படியே கடிதமாக்கிப் பதிவாளருக்கு அன்றே அனுப்பினாள்.

நான்காம் நாள் பதில் வந்தது. நன்றி சொல்லி அல்ல. அத்துமீறி நுழைந்ததற்காக ஏன் உங்கள் மீது நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று கேட்டு. விசாரணை முடியும்வரை பட்டச் சான்றிதழ் கிடையாது. ஒரு வங்கியின் பாதுகாப்புப் பிரிவில் அவளுக்கு வேலை உறுதியாகியிருந்தது. திங்கட்கிழமை சான்றிதழோடு போய் நின்றால் வேலை, இல்லாவிட்டால் பட்டியலில் அடுத்தவருக்கு.

தையல் கடை வைத்திருக்கும் அக்கா, கழுத்தில் தொங்கும் அளவு நாடாவோடு கடிதத்தை இரண்டு முறை படித்தாள்.

"பக்கத்து வீட்டுக் கதவு தெறந்து கெடந்தா நாம பாட்டுக்குப் போக வேண்டியதுதானேடி. கூப்பிட்டுச் சொன்னா, நீ எதுக்கு எட்டிப் பாத்தேன்னுதான் கேப்பாங்க."

"பாடத்துலயே அப்படித்தான்க்கா இருக்கு."

"பாடம் எழுதினவன் வந்து சான்றிதழ் வாங்கித் தருவானா?"

வெள்ளிக்கிழமை விசாரணை. குளிரூட்டிய அறையில் பதிவாளர், சட்ட ஆலோசகர், அவளுக்குப் பதினைந்து போட்ட அதே பேராசிரியர் என்று மூவர் உட்கார்ந்திருந்தார்கள். துறை வல்லுநர் என்பதால் பேராசிரியரைக் குழுவில் சேர்த்திருந்தார்கள். வந்தது முதல் அவருடைய வல்லமை முழுவதும் பிஸ்கட் தட்டின் மீதே இருந்தது.

வலைத்தளத்தைக் கொண்டுவந்தவர் பதிவாளர்தான். அதில் ஈ கூட நுழைய முடியாது என்று தொடங்கி, கால் மணி நேரம் அதன் பெருமையைப் பாடினார். பிறகு சட்ட ஆலோசகர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு விஷயத்துக்கு வந்தார். ஓட்டை இல்லையென்றால் இந்தப் பெண் வதந்தி பரப்பியிருக்கிறாள். இருக்கிறதென்றால் அதன் வழியாக நுழைந்திருக்கிறாள். இரண்டில் எது என்று அவளே திறந்து காட்டிவிட்டால் விசாரணை சீக்கிரம் முடிந்துவிடும்.

தாழ்ப்பாள் பேராசிரியரைப் பார்த்தாள். அவர் பிஸ்கட்டைப் பார்த்தார்.

"எழுத்துல அனுமதி குடுத்தா காட்டறேன் சார்," என்றாள். "யாரோட நம்பர்னும் அதுல போடணும்."

பதிவாளருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தாராளமாகத் தன் மகனின் எண்ணையே தருவதாகச் சொன்னார். பையன் இங்கேதான் இரண்டாம் ஆண்டு படிக்கிறான், வகுப்பில் முதல் மாணவன். போன வாரம்தான் அலுவலகம் முழுக்க மிட்டாய் கொடுத்தாயிற்று. பையனுக்குப் பதினெட்டு தாண்டிவிட்டதே, அவன் சம்மதம் வேண்டாமா என்று அவள் கேட்டதற்கு, அவன் இன்னும் சட்டையைத் தேடுவதற்கே அம்மாவைத்தான் கூப்பிடுகிறான் என்றார். அந்தச் சம்மதத்தையும் சேர்த்து எழுதித் தரச் சொன்னாள். மகன் சார்பில் தானே சம்மதிப்பதாக எழுதி, முத்திரை குத்தி, கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். அந்தக் காகிதத்தைப் பையில் வைத்த பிறகுதான் தாழ்ப்பாள் மேசைக் கணினியில் எண்ணைத் தட்டினாள்.

பக்கம் உடனே திறந்தது. மேலே பையனின் பெயர், படம். கீழே ஆறு பாடங்கள். நான்கில் தோல்வி.

சட்ட ஆலோசகர் கண்ணாடியை மறுபடி துடைக்க ஆரம்பித்தார்.

"தப்பா காட்டுது," என்றார் பதிவாளர் கடைசியில். "நான் அன்னிக்கே சொன்னேன், இந்த வலைத்தளமே சரியில்ல. பூராவும் ஓட்டை."

ஈ நுழையாத வலைத்தளம் ஒரே நிமிடத்தில் சல்லடையாகிவிட்டது. தலையை மட்டும் ஆட்டியிருந்தால் தாழ்ப்பாள் தப்பியிருப்பாள். மேசைக்கு அடியில் பேராசிரியரின் செருப்பு அவள் காலை மிதித்து அதைத்தான் சொன்னது. ஆனால் அவளுக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"இல்ல சார், மார்க் சரியாத்தான் இருக்கும். அத யார் வேணா பாக்கலாம்ங்கறதுதான் தப்பு."

சட்ட ஆலோசகர் பேனாவைத் திறந்தார். நடவடிக்கை எடுப்பதானால் அவள் எதைப் பார்த்தாள் என்று கோப்பில் எழுத வேண்டும், திரையை அச்செடுத்து இணைக்க வேண்டும், கோப்பு ஆட்சிக்குழுவுக்குப் போகும், அங்கே பன்னிரண்டு பேரும் வரிக்கு வரி படிப்பார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். பதிவாளர் பன்னிரண்டு பேரையும் மனக்கண்ணில் பார்த்திருக்க வேண்டும். விசாரணைக்கு முகாந்திரமே இல்லை என்று மூன்றே நிமிடத்தில் ஒருமனதாக முடிவாயிற்று.

மற்ற இருவரும் போன பிறகு, சான்றிதழில் கையெழுத்து வாங்க அவள் மட்டும் நின்றாள். பதிவாளர் பேனாவைக் கையில் எடுத்துவிட்டு நிறுத்தினார்.

"போன வருஷத்து மார்க்கும் அதுல வருமாம்மா?"

"வரும் சார்."

"பாத்துச் சொல்லேன். நமக்குள்ள இருக்கட்டும்."

கையெழுத்தில்லாத சான்றிதழ் அவர் கைக்கு அடியில் கிடந்தது. நடுவில் இரண்டு நாள் போனால் திங்கட்கிழமை. பையனின் எண்ணை மறுபடி தட்ட நான்கு நொடி போதும்.

"நீங்க குடுத்த அனுமதி ஒரு தடவைக்குத்தான் சார். பையனையே கேளுங்க."

"கேட்டா சொல்ல மாட்டான்மா."

"அவரே சொல்லாதத நான் எப்படி சார் சொல்றது?"

பதிவாளருக்கு வர வேண்டிய கோபம் பாதி வழி வரை வந்தது. அப்பாவுக்கு வந்த வெட்கம் அதை அங்கேயே நிறுத்திவிட்டது. குனிந்து கையெழுத்துப் போட்டு, முகத்தைப் பார்க்காமல் நீட்டினார்.

அவள் கதவருகே போவதற்குள், கணினிப் பிரிவுக்கு அவர் தொலைபேசியில் பேசுவது கேட்டது. வலைத்தளத்தை இந்த நிமிடமே மூட வேண்டும். எப்போது திறப்பது என்று அந்தப் பக்கம் கேட்டிருப்பார்கள் போல.

"என் பையன் படிச்சு முடிக்கட்டும்," என்றார்.